வெட்டாமல் வைத்த சட்டை

மலேசியாவில் எங்கள் சிகாமட் ஊரில் எதற்கெடுத்தாலும் டி-சட்டை அடித்துவிடுவார்கள். தைப்பூசத் தொண்டர்களுக்கு ஒன்று, கூட்டுறவுக் கூட்டத்துக்கு ஒன்று, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு ஒன்று, தேர்தல் வந்துவிட்டால் ஆளுக்கு மூன்று. உடம்புக்குப் பொருந்துகிறதோ இல்லையோ, சும்மா கிடைப்பதை யார் விடுவார்கள்? பக்கத்து வீட்டு சபாபதியின் அலமாரியைத் திறந்தால் தலையில் கொட்டும். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய மனிதர். எந்தக் கூட்டத்துக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பார்.

போன வருடம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்து வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. வலக்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. தலைவழியாகச் சட்டையை மாட்டப் போனால் வலி தாங்காமல் அலறுவார். முதுகுப்பக்கம் திறக்கும் சட்டை வாங்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். அவர் மனைவி கிருஷ்ணம்மா விலையைக் கேட்டாள், வீட்டுக்கு வந்தாள், கத்தரிக்கோலை எடுத்தாள்.

அவள் தையல்காரி இல்லை. பள்ளிக்கூட கேண்டீனில் சமைத்துக்கொண்டிருந்தவள், கணவரைப் பார்த்துக்கொள்ள அதையும் விட்டுவிட்டாள். என் வீட்டுத் தையல் மெஷினில்தான் எல்லாம் நடந்தது. டி-சட்டையைக் குப்புறப் போட்டு, முதுகு நடுவே கழுத்திலிருந்து கீழ்வரை ஒரே வெட்டு. இன்னொரு சட்டையின் துண்டை ஒரு பக்கம் சேர்த்துத் தைத்தால் முதுகு முழுக்க மூடி விலா வரை வரும். அடி ஓரத்தை நீளமாக வெட்டி இழுத்தால் துணி தானாகச் சுருண்டு நாடா ஆகிவிடும். முதல் சட்டைக்கு முடிச்சை முதுகிலேயே வைத்துவிட்டாள். சாயங்காலம் புரட்டிப் பார்த்தால் அந்த இடம் சிவந்து கன்றிப் போயிருந்தது. அன்றைக்கு அவள் தன்னையே திட்டிக்கொண்டதைக் கேட்கச் சகிக்கவில்லை. அதற்குப் பிறகு முடிச்செல்லாம் விலாப்புறம்தான்.

இரக்கமே இல்லாமல் வெட்டினாள்.

“சாமி படம் போட்ட சட்டையிலயுமா கத்தரி வைப்ப?” என்றேன்.

“சாமி முன்னாடி இருக்காருக்கா, நான் முதுகுலதான வெட்டுறேன்” என்றாள்.

ஒரே ஒரு சட்டையை மட்டும் சபாபதி விட்டுக்கொடுக்கவில்லை. தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் கோல் காத்த காலத்து நீலச் சட்டை அது. முதுகில் அவர் பெயர் பெரிதாக இருக்கும். “இத வெட்டாத. எந்திரிச்சு நின்னு நானே போட்டுக்குவேன்” என்று குழறிக் குழறிச் சொன்னார். கிருஷ்ணம்மா அதைத் துவைத்து மடித்துத் தனியாக வைத்தாள். கட்டில் கம்பியைப் பிடித்து உட்காரப் பழகினார். இடக்கையால் வலக்கையைத் தூக்கித் தூக்கி விடுவார். அவர் நடந்துவிடுவார் என்று அவள் நம்பினாள். நானும்தான் நம்பினேன், பொய் சொல்வானேன்.

கை விரியவில்லை. கால் ஊன்றவில்லை. உட்கார்ந்திருக்கும் நேரமும் வரவரக் குறைந்தது.

டிசம்பர் மழை பிடித்துக்கொண்டது. மற்ற சட்டையெல்லாம் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது; ஃபேனுக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டும் ஒன்றும் காயவில்லை. அந்த நேரம் பார்த்து அவருக்கு வயிற்றுப்போக்கு. நான் போனபோது மாற்றச் சட்டையில்லாமல் இடுப்பில் கட்டும் சாரத்தைப் போர்த்திக் கிடந்தார். குளிரில் உதடு நடுங்கியது.

“எங்க வீட்டுல பழைய சட்டை இருக்கும், எடுத்துட்டு வரேன்” என்று திரும்பினேன்.

“வேணாம்” என்றார். அலமாரியைக் காட்டினார். “அத வெட்டு.”

“எத?” என்றாள் கிருஷ்ணம்மா, தெரியாதவள் போல.

“நீலம்.”

“அது எதுக்குங்க? எந்திரிச்சு போட்டுக்குவேன்னு சொன்னீங்கல்ல? அக்கா எடுத்துட்டு வராங்க லா.”

“வெட்டும்மா. சும்மாதான கிடக்கு.”

கோபமில்லாமல், அழாமல் சொன்னார். அவள் அலமாரியைத் திறந்து நீலச் சட்டையை எடுத்தாள்.

என் வீட்டில் மெஷின் மேல் சட்டையைக் குப்புற விரித்தாள். கழுத்தில் கத்தரியை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். “என்னால முடியலக்கா. நீங்க வெட்டுங்க.” எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. வாங்கி நான்தான் வெட்டினேன். அவர் பெயர் இரண்டாகப் பிரிந்தது.

மாட்டி முடிச்சுப் போட்டதும், “நல்லா இருக்கு” என்றார். நிஜமாகவே பொருந்தியிருந்தது. கிருஷ்ணம்மா சிரித்துத் தலையாட்டிவிட்டுப் பின்பக்கம் போனாள். துணி துவைக்கும் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சத்தம் கேட்காமலிருக்க வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இன்றும் தினம் காலையில் அவள்தான் சட்டை மாற்றிவிடுகிறாள். முன்பெல்லாம் கையை நுழைக்கும்போது, “இன்னும் கொஞ்ச நாள்தாங்க, எந்திரிச்சிடுவீங்க” என்பாள். இப்போது அதைச் சொல்வதில்லை. “கொஞ்சம் திரும்புங்க” என்கிறாள். அவரும் முடிந்தவரை திரும்பிக் கொடுக்கிறார்.