சாயம் இறக்கும் தூள்

என் இடது கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. மச்சம் என்றதும் பொட்டளவு என்று நினைத்துவிடுவார்கள். இது காதடியில் தொடங்கி, கன்னத்தில் அகன்று, குறுகித் தாடை எலும்பு வரை இறங்கியிருக்கும். நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். ஐந்தாம் வகுப்பில் மிஸ் உலகப் படத்தைச் சுவரில் மாட்டிய அன்றிலிருந்து என் பெயர் மேப்பு. பெயர் வைத்தவள் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள்தான். அவள் கெட்டவள் இல்லை. தென்னமெரிக்கா உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

எனக்குக் கண்ணாடியைப் பார்த்துப் பயமில்லை. புது ஆட்களைப் பார்த்தால்தான் பயம். அவர்கள் கண் முதலில் என் முகத்துக்கு வரும், அப்புறம் கன்னத்துக்கு இறங்கும், அங்கே ஒரு நொடி நிற்கும். தெருவில் நடந்தால் இடது பக்கம் சுவர் இருக்கும்படி நடப்பேன். திரும்பி வரும்போது எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தெருவில் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று எனக்கு மனப்பாடமாக இருந்தது.

அந்த மச்சம் எப்படி வந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு கதை இருந்தது. சொல்லுகிறவள் அத்தை, அப்பாவின் அக்கா. வாலாஜாபாத்திலிருந்து வரும்போதெல்லாம், வீட்டுக்கு வந்திருப்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் சொல்வாள்.

“இவள வயித்துல வச்சிகினு கிரகணத்தன்னிக்கு வாசல்ல வந்து நின்னா இவங்கம்மா. கன்னத்துல கைய வச்சிகினு நின்னா. அவ கை வச்ச எடத்துலதான் கொழந்தைக்கு எறங்கிச்சு.”

கோபமாகச் சொல்லமாட்டாள். எந்த பஸ் எந்த ஊர் வழியாகப் போகும் என்று சொல்வதுபோலச் சொல்வாள். அம்மா முன்கூடத்தில் தறியில் இருப்பாள். தறிச் சத்தம் மட்டும் கொஞ்சம் நின்று, பிறகு மறுபடியும் கேட்கும்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது பங்குனித் திருவிழாவுக்கு அத்தை வந்தாள். கூடவே அவள் மகளும் வந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறவள், கையில் புது செல்போன். ஒரு மத்தியானம் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து ஒரு செல்ஃபி எடுத்தாள். பிறகு திரையில் எதையோ தட்டிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“இது யாரு சொல்லு பாப்போம்?”

படத்தில் அவள் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். என் ரிப்பன், என் கம்மல், என் மூக்கு. இரண்டு கன்னமும் ஒரே மாதிரி வழவழப்பாக, வெளிச்சமாக இருந்தன. போன்தான் அப்படி அழித்துக்காட்டுகிறது என்று அவள் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. மச்சத்துக்கு அடியில் அந்த முகம் ஏற்கெனவே இருக்கிறது, மேலே இருப்பதை எடுத்தால் போதும் என்றுதான் எனக்குப் பட்டது.

எடுப்பது எப்படி என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, பக்கத்துத் தெருவில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். போன மாதம்தான் அவர் பட்டறையில் ஒரு காட்சி பார்த்தேன். அரக்கு நிறம் கேட்ட இடத்தில் சாயம் தப்பிக் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. மாமா பதறவே இல்லை. வென்னீரில் ஒரு வெள்ளைத் தூளைப் போட்டு அந்த நூலை முக்கினார். கொஞ்ச நேரத்தில் நிறமெல்லாம் இறங்கி, அந்த நூல் வடித்த சோறுபோல வெள்ளையாக வெளியே வந்தது.

“எந்தச் சாயமா இருந்தாலும் போயிடுமா மாமா?”

“போவாம எங்க போவும்? பொறந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே வந்துடும்மா.”

அவர் சொன்னது பட்டைப் பற்றி. நான் எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். நான் பிறந்தபோதே அந்த மச்சத்தோடு பிறந்தவள் என்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை.

செல்ஃபி எடுத்த மறுநாள், மாமா சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பட்டறைக்குள் நுழைந்தேன். டின்னைத் திறந்ததும் தீக்குச்சி கருகியது மாதிரி ஒரு நெடி மூக்கில் ஏறியது. கணக்கு நோட்டுத் தாளில் இரண்டு கைப்பிடி மடித்துக்கொண்டேன். பக்கத்து டின்னிலும் ஒரு வெள்ளைப் பொடி இருந்தது. மாமா எப்போதாவது அதையும் சேர்ப்பார் என்று ஞாபகம். எதற்கும் இருக்கட்டும் என்று அதிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும்வரை தெருவில் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. அன்று மட்டும் மச்சத்தை அல்ல, மடியில் இருந்த பொட்டலத்தைப் பார்ப்பதுபோல.

அப்பா வேலைக்குப் போயிருந்தார். ஸ்ரீபெரும்புதூருக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறவர் அவர். அத்தையும் மகளும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். முன்கூடத்தில் அம்மாவின் தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். இரண்டு தூளையும் வென்னீரில் குழைத்துத் துணியில் தடவிக் கன்னத்தில் வைத்து, பல்வலிக்காரர்கள் மாதிரி தலையைச் சுற்றிக் கட்டினேன். ஐந்நூறு எண்ணுவது என்று முடிவு.

முதலில் இதமாகத்தான் இருந்தது. நூறு தாண்டும்போது அரித்தது. இருநூறில் எறும்பு கடிப்பதுபோல ஆனது. முந்நூறுக்கு மேல் மிளகாயை அரைத்துப் பூசினாற்போல எரிந்தது. சாயம் இறங்குகிறது, இறங்கும்போது எரியத்தானே செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நானூறை எட்டுவதற்குள் ஒரு துளி வழிந்து கண்ணோரத்தில் பட்டது.

கண்ணைத் திறக்க முடியவில்லை. கட்டை அவிழ்த்து எறிந்து குழாயில் முகத்தைக் கழுவினேன். ஒற்றைக் கண்ணால் கண்ணாடியைப் பார்த்தேன். மச்சம் அங்கேயே இருந்தது. அதன் மேல் தோல் வெள்ளையாக உப்பி எழுந்திருந்தது. சுற்றிலும் சிவந்து கிடந்தது.

அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில் இருந்தாள். ஆனால் கூப்பிட்டால் திருடியதும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும் என்ற பயம் எரிச்சலைவிடப் பெரிதாக இருந்தது. உள்ளறையில் போய் இடது கன்னத்தைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொண்டேன். தறிச் சத்தம் நின்றால் அம்மா எழுந்து வருகிறாள் என்று அர்த்தம். அது நிற்கக் கூடாது என்று ஏகாம்பரநாதரை வேண்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அது நின்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நின்றது.

“என்னாமா இந்நேரத்துல படுத்துகினு இருக்க?”

“பல்லு வலிக்குது.”

அம்மா நெற்றியில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். சாயக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த நெடி தெரியாதா. என் முகத்தைத் திருப்பினாள். தலையணை உறை கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.

என்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழாயடியில் உட்காரவைத்து, குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினாள். மூச்சுத் திணறத் திணற ஊற்றினாள். பிறகு ஈரத்தோடு ஆட்டோவில் ஏற்றினாள். தகவல் தெரிந்து மாமா சைக்கிளில் ஆட்டோவுக்குப் பின்னாலேயே வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. வயது அதிகமில்லை, ஆனால் சிரிக்காதவர். கண்ணுக்குள் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்து, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். அதற்குப் பிறகுதான் கேட்டார்.

“இது கெமிக்கல். யார் போட்டது?”

மாமா கதவோரம் நின்றிருந்தார். அவர் இரண்டு கையும் முழங்கை வரை நீலமும் சிவப்புமாக இருந்தன. எவ்வளவு தேய்த்தாலும் போகாத சாயம். டாக்டரம்மாவின் கண் அந்தக் கைகளில் போய் நின்றது. என் கன்னத்தில் எல்லோர் கண்ணும் நிற்குமே, அதேபோல. மாமா கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“நான்தான் போட்டேன்” என்றாள் அம்மா.

“நீங்களா? எதுக்கு?”

“மச்சம் போயிடும்னு.”

“நீங்க பெத்த பொண்ணுதானேம்மா இது?”

“ஆமாங்க.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். இதைப் போலீசுக்கு எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். அம்மாவையும் மாமாவையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என் கட்டிலருகே குனிந்தார். அப்போது அவர் குரல் மாறியிருந்தது.

“பயப்படாம சொல்லு பாப்பா. அம்மாதான் போட்டாங்களா?”

இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் பட்டறையும் டின்னும் அப்பாவின் பெல்ட்டும் வரிசையாக நின்றன. நான் தலையாட்டினேன்.

சாயங்காலம் ஒரு பெண் போலீஸ் வந்தார். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அம்மா தலை குனிந்து நின்றாள். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். மாமா கைகளைக் கூப்பிக்கொண்டு எதையோ கெஞ்சினார். “கூப்பிட்டா வரணும்” என்று சொல்லி நோட்டை மூடிக்கொண்டு அந்தப் போலீஸ் போனார். கூப்பிட்டால் எங்கே, எத்தனை நாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜெயிலில் தறி இருக்குமா என்று யோசித்தேன். இருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் பரவாயில்லை.

மூன்று நாள் அங்கே இருந்தோம். இரண்டாம் நாள் மத்தியானம் அம்மா சாத்துக்குடி உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“அவ்ளோ அசிங்கமா இருக்குதாமா?”

“ம்” என்றேன்.

அவள் உரிப்பதை நிறுத்தினாள். தூளை எடுத்ததற்குத்தான் கோபம், அடி வீட்டில் விழும் என்று நான் கணித்தேன்.

அடி விழவே இல்லை. அப்பா சித்திரை பிறக்கும்வரை அம்மாவோடு பேசவில்லை. அத்தை தன் கதையில் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டாள். “அன்னிக்கு கிரகணத்துல நின்னா, இன்னிக்கு மருந்து வச்சி சுட்டா” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அம்மா எதையும் மறுக்கவில்லை. மாமா டின்களுக்குப் பூட்டுப் போட்டார். என்னை நேராகப் பார்ப்பதை விட்டுவிட்டார். வாசலில் எந்த பைக் நின்றாலும் போலீஸ்தான் என்று எனக்கு மூத்திரம் முட்டும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் முடிவு செய்வேன். சாயங்காலத்துக்குள் அது கரைந்துவிடும். போலீஸ் கடைசிவரை கூப்பிடவில்லை. புண் ஆறியது. மச்சம் போகவில்லை, அதன் நடுவில் பளபளப்பாக ஒரு தழும்பு மட்டும் கூடுதலாக வந்தது.

பதினாறு வயதில்தான் அப்பாவிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் அவர் அம்மாவுக்கு இரண்டு முழம் மல்லி வாங்கி வந்தார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். “அத ஏன் இப்ப போயி எடுத்த” என்று அம்மா என்னைத்தான் கடிந்துகொண்டாள்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, சென்னையில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். லேசர் வைத்துக் கொஞ்சம் மங்கவைக்கலாம், முழுதாகப் போகாது என்றார். புறப்படும்போது ஏதோ பேச்சுக்குக் கிரகணத்தைப் பற்றியும் கேட்டேன். அவர் சிரித்தார். அம்மா வெளியே நின்றாலும் நிற்காவிட்டாலும் இது வந்திருக்கும், யாராலும் வந்ததில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து, லேசரைப் பற்றிச் சொல்லிவிட்டு, இதையும் ஒரு வேடிக்கையாக அம்மாவிடம் சொன்னேன். தறி நின்றது.

“திருப்பிச் சொல்லு.”

சொன்னேன்.

“டாக்டரே சொன்னாங்களா?”

“அவங்களேதான்மா சொன்னாங்க.”

“கன்னத்துல கை வச்சதால இல்லையாமா?”

இல்லை என்றேன். அம்மா தறிக்குழியிலிருந்து மெதுவாக எழுந்தாள். பின்பக்கம் போனாள். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அம்மா எனக்காக ஒரு பொய் சொன்னாள் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்டு வந்தால் இல்லை என்று சொல்லக்கூட அவளுக்குக் குரல் இடறும். நான்தான் போட்டேன் என்று டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவள் குரல் கொஞ்சமும் இடறவில்லை. கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, தப்பித்தோம் என்ற நிம்மதியில், அது அன்று உறைக்கவே இல்லை.