ஆளில்லாத வானம்

வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போன கோடையில், அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் என் மனைவி ஒரே ஓவியத்தின் முன் நெடுநேரம் நின்றாள். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஐரோப்பிய நிலக்காட்சி. அடியில் ஒடுங்கிய மேட்டுநிலம். எஞ்சியதெல்லாம் மழை திரளும் சாம்பல் வானம். கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்தியவன் என்ற உரிமையில், அக்காலத்து ஓவியர்கள் இத்தகைய வானத்தின்கீழ் தனிமனிதன் ஒருவனை நிறுத்துவதுண்டு என விளக்கத் தொடங்கினேன்.

“இதுல ஒரு ஆளுகூட இல்லீங்களே, அதனாலதான் நல்லாருக்கு. நம்மூட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எதுத்தாப்புல இது வேணுமுங்க” என்றாள்.

மல்லசமுத்திரத்தில் மழையை நம்பி விதைக்கும் மானாவாரிக் காட்டில் வளர்ந்தவள். வானத்தைப் பற்றி அவள் சொன்னால் நான் மறுப்பதில்லை.

ஊர் திரும்பிய சில மாதங்களில் இறந்துபோனாள். காரியங்கள் முடிந்ததும் அந்த ஓவியத்தின் கணினிப்பிரதியை வரவழைத்து, சூரமங்கலத்தில் ஓர் அச்சுக்கடையில் கொடுத்தேன். பருத்தித்தாளில், நிறம் மாறாமல் வேண்டும் என்றேன். அவளுடைய கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸை அடித்ததும் அதே கடைதான்.

வாங்கப் போனபோது அவள் தம்பியும் உடன் வந்தார். கடைக்காரம்மா சுருளை விரித்தார். மேகத்தின் நடுவே என் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்து அஞ்சலி ஃபிளெக்ஸ்களில் இறந்தவர்களை மேகத்தில்தான் வைப்பார்கள். எந்த முச்சந்தியில் நிமிர்ந்தாலும் அப்படி ஒருவர் தெரிவார். வானத்தையும் வந்தவனையும் பார்த்த கடைக்காரம்மா, சொல்லாமலே விளங்கியதாக எண்ணி, ஃபிளெக்ஸுக்குக் கொடுத்திருந்த முகத்தை இதிலும் சேர்த்துவிட்டார்.

“அம்மா மொகம் நல்லா வந்திருக்குதுங்களா சார்? வானம் அழுமூஞ்சியா இருந்துச்சுங்க, கொஞ்சம் நீலம் ஏத்திட்டேன்.”

“பஸ்ஸுல சன்னல் சீட்டுக்குச் சண்டை கட்டும் அக்கா. இப்பப் பாருங்க மாமா, மேகமே சீட்டு!” என்றார் மைத்துனர். “இதையே மாட்டிப்புடலாங்க.”

எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துக் கைகூப்பவும் செய்வார்கள். ஆனால் ஒரு ஆளும் இல்லை என்று மகிழ்ந்தவளையே அந்த ஆளாக்க நான் இசைய முடியாது.

“முகத்தை எடுத்துவிட்டு, நான் கொடுத்தபடியே இன்னொன்று போடுங்கள்.”

“அம்மாவையா எடுக்கச் சொல்றீங்க?”

“ஆமாம். இது அவள் பார்ப்பதற்காகக் கேட்ட படம்.”

கடைக்காரம்மா நாற்காலியைக் கணினிப் பக்கம் இழுத்துக்கொண்டார். மைத்துனர் முதல் படத்தைச் சுருட்டி, “இது எங்கூட்டுக்குங்க” என்று அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

இரண்டாவது படம் இப்போது மேசைக்கு எதிரே இருக்கிறது. அதை மாட்டியபின் முதன்முறையாகச் சாப்பிட வந்த மைத்துனர், நிமிர்ந்து பார்த்து, “ஒண்ணுமே இல்லீங்களே மாமா” என்றார். சோற்றைப் பிசைந்தவர் மறுபடி நிமிர்ந்தார். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு மேகத்தின் அடிவிளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்து வந்தார்.

“வலுவா எறங்குமுங்க இந்த மழை. கடலை வெதை போட்றலாம்.”

“போடலாம்.”

“அக்கா இதைத்தானுங்களே கேட்டுச்சு?”

“இதைத்தான்” என்றேன்.