நாற்பத்தெட்டு நாள் குடித்தனம்

நடுக்கூடத்தில் நின்று, எதிரே இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்து, அனுசுயா தன் வீட்டு ஆட்களை அறிமுகம் செய்துகொண்டிருந்தார். உச்சி வெயில் நேரம். வெளியே சாமான்களோடு டெம்போ நின்றது. "நான் அனுசுயா. வீட்டுக்காரரு மூக்கையா, பனியன் கம்பெனியில டெய்லரு. மகளப் பல்லடத்துல கட்டிக் குடுத்திருக்கு. நாங்க ரெண்டு பேருதான் மதினி. ஒரு மண்டலம் இருந்துட்டுப் போயிருதோம். ஒங்களுக்கு எடஞ்சலா இருக்க மாட்டோம்." சொல்லிவிட்டு, பதில் வரும் என்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றார். அதன் பிறகுதான் பச்சை பீரோவை உள்ளே தூக்கிவரச் சொன்னார்.

மதினி என்று அவர் அழைத்தது ஜெயசுதாவை. அண்ணன் மனைவியை சங்கரன்கோவில் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஜெயசுதா அந்த வீட்டில் குடியிருந்தவர். இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எப்படி இறந்தார் என்பதைத் தெருவில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. காரியம் முடிந்த மறுநாளே அவர் கணவர் வீட்டைக் காலிசெய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார்.

யாரும் குடிவரத் துணியாத வீட்டில் முதல் ஆளாகக் குடியிருப்பது அனுசுயாவின் தொழில். மதிய நேரங்களில் பனியன் பிசிறு வெட்டித் தருவதெல்லாம் உபதொழில்தான். திருப்பூரை ஒட்டிய இந்த நெருப்பெரிச்சலில் பத்து வருஷத்துக்கு முன்பு சோளக்காடாக இருந்த இடமெல்லாம் இன்று லைன் வீடு. காட்டை விற்றவரும் கட்டுகிறார், விற்காதவரும் கட்டுகிறார். பூச்சு ஈரம் காய்வதற்குள் அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. ஆர்டர் குவியும் மாதங்களில் தென்மாவட்டக் குடும்பங்களும் வடக்கத்திப் பையன்களும் பையும் மூட்டையுமாகத் தெருத்தெருவாக வீடு தேடி அலைவார்கள். அப்படிப்பட்ட ஊரிலும் சாவு விழுந்த வீடு மட்டும் பூட்டியே கிடக்கும். லைனில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக மூட்டை கட்ட ஆரம்பிப்பார்கள்.

அதற்கு வழி கண்டவர் வீட்டுத் தரகர் ரத்தினசாமி. ஒரு குடும்பத்தை வாடகையில்லாமல் நாற்பத்தெட்டு நாள் உட்காரவைப்பார். அடுப்பு எரிய வேண்டும், குக்கர் விசில் தெருவுக்குக் கேட்க வேண்டும், துணி முன்பக்கம்தான் காய வேண்டும். கடைசி வாரத்தில் வீடு பார்க்க ஆள் கூட்டிவருவார். வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அனுசுயாவுக்கு போன் வரும். "வெங்காயம் வதங்குற வாசம் அடிக்கோணுமுங்க. அது அடிச்சா அந்த ஊட்டுல என்ன நடந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கறதில்லீங்க" என்பார் அவர். இப்படி எட்டு வீடுகளை அனுசுயா பழக்கிக் கொடுத்திருக்கிறார். ஜெயசுதாவின் வீடு ஒன்பதாவது.

நான் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். கணவரோடும் பிள்ளையோடும் அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறேன். இந்த வீட்டைப் பார்க்கப் போன அன்று வெங்காய வாசம் மூக்கைத் துளைத்தது. உள்ளே இருந்த அம்மாள் சிரித்த முகமாக மோர் கொடுத்து, "நல்ல வீடு மேடம், காத்து பிச்சிக்கிட்டு வரும்" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. காற்று நன்றாகத்தான் வருகிறது. இத்தனை விவரமான நானே மோரைக் குடித்துவிட்டு அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தேன். அந்த அம்மாள் பழக்கிக் கொடுத்த எட்டு வீடுகளில் என் வீடும் ஒன்று என்ற விஷயம் தெரிந்தது எட்டு மாதம் கழித்து. அனுசுயாவே ஜெயசுதாவின் வீட்டுக்குக் குடிவந்த பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்.

என் குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. அனுசுயா மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து நானும் எடுக்கவில்லை. அதைச் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார். "அது நான் ஒட்டுனதில்ல மேடம். ஒங்க வீட்டுல முந்தி இருந்தவுகளோடது. அவுக சாமானுல நான் கைய வைக்க மாட்டேன்." அன்றிலிருந்து அந்தக் கண்ணாடியில் நான் முகம் பார்ப்பதில்லை. பொட்டைப் பிய்த்துப் போடவும் தைரியம் வரவில்லை.

கை வைக்கமாட்டார் என்பது உண்மைதான். எந்த வீட்டிலும் அவர் புதிதாக ஆணி அடித்ததில்லை. ஏற்கெனவே இருக்கும் ஆணியில்தான் காலண்டரும் பையும் தொங்கும். கட்டில் கிடந்த தடம் தரையில் தெரிந்தால் அந்த இடத்தில் பாய் விரிக்கமாட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று பக்கவாட்டில் திரும்பி, "இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நம்மிடம் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். யாரிடம் சொன்னீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா என்று திருப்பிக் கேட்டார். எனக்கு எந்தக் குரலும் கேட்டிருக்கவில்லை. பயமாக இருக்காதா என்றும் கேட்டேன். ஊரில் சொந்த வீடு இடிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு எந்த வீட்டைக் கண்டும் பயம் வரவில்லையாம்.

ஆனால் இந்த ஆடியில் அவருக்கு பயம் வந்தது. மகள் கிருத்திகாவுக்கு ஆறு மாதம். வளைகாப்பு முடிந்தால் தாய் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவர அனுசுயாவிடம் இருந்ததோ செத்தவளின் வீடு. பல்லடத்துச் சம்பந்தி வீட்டார் நல்ல வீடாகப் பார்த்துவிட்டீர்களா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். இந்த ஒருமுறை மட்டும் வாடகை கொடுத்து, யாரும் சாகாத வீடு ஒன்றுக்குப் போய்விடுவது என்று அனுசுயா முடிவு செய்தார். மூக்கையா சீட்டு எடுத்து அட்வான்ஸுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். காலி வீடுகளும் இருந்தன.

அப்படி ஒரு வீடு பார்த்துத் தரச் சொல்லி அனுசுயா கேட்டதற்கு ரத்தினசாமி பதில் சொன்னது என் வீட்டு வாசலில் வைத்து. குழாய் ஒழுகுவதைப் பார்க்க வந்திருந்தார்; அனுசுயாவும் என்னோடு நின்றிருந்தார். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே அவரிடம் மெதுவாகத்தான் பேசினார். "ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. நாலு ஓனருகிட்ட கேட்டுட்டனுங்க. உங்க பச்சை பீரோ எந்த ஊட்டு வாசல்ல எறங்குதோ, அந்த ஊட்டுல ஆரோ செத்துட்டாங்கன்னு இப்ப எல்லாத்துக்கும் தெரியுமுங்க. நல்ல ஊட்டை உங்களுக்கு ஆருங்க குடுப்பாங்க?"

பீரோவை விற்றுவிட்டால் என்று நான்தான் கேட்டேன். ரத்தினசாமி அனுசுயாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பீரோ மட்டும் இல்லீங்க என்றார். பிறகு, குழந்தை பிறக்கும்வரை ஜெயசுதாவின் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம், ஓனரிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. போகும்போது அவரும் அனுசுயாவைத் தொடாமல் சற்றே ஒதுங்கித்தான் போனார் என்பதை நான் கவனித்தேன்.

வளைகாப்புக்கு மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஜெயசுதாவின் வீட்டு முன்னால் வாடகைக் கார் வந்து நின்றது. மூக்கையா முன்பக்கமிருந்து இறங்கினார். கிருத்திகா கை நிறையக் கண்ணாடி வளையலோடு வாசலில் வந்து நின்றாள். அம்மா எந்த வீட்டில் இருந்தாலும் அதுதான் தாய் வீடு என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தவள். அனுசுயா ஆரத்தித் தட்டோடு வெளியே வந்தார். தட்டு விளிம்புவரை சிவப்புத் தண்ணீர் தளும்பியது.

ஆரத்தியை ஒருத்தி தனியாகச் சுற்றும் வழக்கம் இல்லை. இரண்டு சுமங்கலிகள் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டும். பக்கத்து வீட்டு இருவரிடமும் அனுசுயா முன்பே சொல்லிவைத்திருந்தார். ஒருத்திக்கு ஷிப்ட் மாறிவிட்டது, இன்னொருத்திக்குத் தலைவலி. லைனில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. தெருவில் நான் மட்டும் நின்றேன்.

அனுசுயா என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை, பார்க்க மட்டும் செய்தார். கேட்டைத் தாண்டினால் மூன்று அடி. எனக்கு என் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது, கண்ணாடியில் இருக்கும் பொட்டு நினைவுக்கு வந்தது. கால் எழவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. திரும்பி, வீட்டுக்குள் பார்த்து, பக்கத்து அறையில் இருப்பவரை அழைக்கும் குரலில், "மதினி, செத்த வாங்க. ஒரு பக்கம் பிடிங்க" என்றார். கொஞ்சம் காத்திருந்தார். ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நகர்ந்து நின்றார். தட்டின் மறுவிளிம்பிலிருந்து இடது கையை எடுத்தார். வலது கையின் இரண்டு விரலால் தன் பக்கத்து விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு, மகளின் முகத்துக்கு நேரே மூன்று முறை நிதானமாகச் சுற்றினார். தண்ணீர் எந்தப் பக்கமும் சாயவில்லை.