பிள்ளைத்தாச்சிச் சட்டை விற்ற காலம்

உடுப்பு வியாபாரத்தில் எல்லா உடம்புக்கும் ஓர் அளவு உண்டு; கிழமைக்குக் கிழமை வளருகிற உடம்புக்கு மட்டும் கிடையாது.

மட்டக்களப்புப் பட்டணத்தில் வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் நான் விற்பனைக்கு நின்றேன். சுனாமிக்கு முந்தின வருடம் சேர்ந்தேன். யுத்தம் முடிந்த பிறகும் அங்கேதான் நின்றேன். கீழே சேலையும் ஆம்பிளைகளின் உடுப்பும். மேலே பெண்களுக்கானது. அதிலும் ஒரு மூலையில், யன்னலோரம், ஒரேயொரு கம்பியில் பிள்ளைத்தாச்சிச் சட்டைகள் தொங்கும். மத்தியானத்தில் வாவியின் வெளிச்சம் முகட்டில் ஏறி நெளிந்துகொண்டிருக்கும். ஃபேன் காற்றில் அந்தச் சட்டைகள் உள்ளே ஆளில்லாமலே வயிறு ஊதி, மெல்ல ஆடும். பார்த்துக்கொண்டே நின்றால் நித்திரையா விழிப்பா என்று எனக்கே தெரியாது. “தங்கச்சி” என்று யாராவது கூப்பிட்டால்தான் கடைக்குத் திரும்பி வருவேன்.

கூப்பிட்டவர்களில் அரைவாசிப் பேர் வெறுங்கையோடு படியிறங்கிப் போனவர்கள். வாசிக்கிற சகோதரிகளே, உங்களில் பலரும் எங்கேயாவது ஒரு கடையில் அப்படி இறங்கியிருப்பீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

கரடிக்குட்டி

அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து வந்த பிள்ளைத்தாச்சிச் சட்டை எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு பொம்மை இருக்கும். கரடிக்குட்டி, வாத்து, பால்போத்தல். கழுத்தில் தொட்டில் பிள்ளைக்குக் கட்டுவது போல ஒரு றிபன். துணியோ நைலோன், வைகாசி வெயிலில் முதுகோடு ஒட்டினால் இரண்டு பேர் சேர்ந்துதான் உரிக்கவேண்டும்.

ஒரு கணக்கு ரீச்சர் வந்தார். உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறவர். கம்பியை இந்த அந்தத்திலிருந்து அந்த அந்தம்வரை தள்ளிப் பார்த்தார். கடைசியில் கரடிக்குட்டிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். சரியாக வயிற்றின் மேல் கரடி உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக்குள் தன்னைத்தானே தூரத்து ஆளைப் பார்ப்பது போலக் கனநேரம் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்:

“பிள்ளை உள்ளுக்குத்தான் இருக்கு, தங்கச்சி. உடுக்கிறது நான்.”

பெரிய சைஸ்

எங்கள் முதலாளி ஏறாவூர்க்காரர், நல்ல மனிதர். மாதத்தில் ஒருமுறை கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போவார். மொத்தக் கடைகளில் எல்லாரும் ஆம்பிளைகள். அவர்களிடம் பிள்ளைத்தாச்சிச் சட்டை என்று வாய்விட்டுக் கேட்க அவருக்குக் கூச்சம். அதனால் “பெரிய சைஸ்” என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

வந்த மூட்டையை அவிழ்த்தால், ஒவ்வொரு சட்டைக்குள்ளும் இரண்டு பேர் குடியிருக்கலாம். கழுத்து தோளால் வழுகும், கை முழங்கையைத் தாண்டித் தொங்கும். திரைச்சீலைக்குப் பின்னால் மெஷினோடு இருந்த றஹீமா ராத்தாதான் அவற்றைப் பிரித்துத் தைக்கவேண்டும். அவவும் ஏறாவூர், முதலாளி உட்பட எல்லாருக்கும் அவ ராத்தாதான், அக்கா மாதிரி. ஒருநாள் அப்படியொரு சட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, முதலாளியின் மேசையில் விரித்தா. அவர் நிமிரவில்லை. ராத்தா சாந்தமாகத்தான் சொன்னா:

“தோள்ல புள்ள தங்குறல்ல, முதலாளி.”

மினுக்கச் சட்டை

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் கடல் வந்தது. அதைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. முதலாளி கடையைத் திறந்து, உடுக்கக்கூடியது எதுவோ அத்தனையையும் ஒரு வான் வண்டியில் ஏற்றி, பள்ளிக்கூடத்து முகாமுக்குக் கொண்டுபோகச் சொன்னார். எங்கள் கம்பியில் இருந்தவையும் போயின. கரடி என்றும் நைலோன் என்றும் அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

பிறகு வெளிநாடுகளிலிருந்து பொதிகள் வந்தன. ராத்தாவும் நானும் ஒரு வகுப்பறையில் இருந்து பிரித்தோம். கம்பளிக் கோட்டு, கழுத்துப் பட்டி, ஒற்றைச் சப்பாத்து. வயிற்றோடு இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. கல்லடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, மாதம் நிறைந்தவ, யாரோ கொடுத்த ஆம்பிளைச் சாரத்தை மார்போடு கட்டிக்கொண்டு வாசலில் நின்றா. பொதியின் அடியில் ஒரு நீலச் சட்டை கிடந்தது. நிலம் தொடுகிற நீளம், முழுக்க மினுக்கம், மார்புக்குக் கீழே தாராளமாக விரிந்தது. எந்த நாட்டில் எந்த விருந்துக்குத் தைத்ததோ. அவவுக்கு அளவாக இருந்தது அது ஒன்றுதான்.

அடுத்தநாள் காலையில் அதை உடுத்திக்கொண்டு வாவிக்கரையால் கிளினிக்குக்கு நடந்தா. நானும் கூடப் போனேன். வெயில் பட்டு அவ மேலெல்லாம் சின்னச் சின்ன வெளிச்சம் அசைந்தது. வாவிதான் எழும்பி எங்களோடு நடக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. முகாமில் நாட்கணக்காகப் பேசாமலிருந்த சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்கள். அவவுடைய புருசன் பிறகு இன்னொரு முகாமில் உயிரோடு கிடைத்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதறக்கூடாது. அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. அவ சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி சொன்னா:

“கலியாணத்துக்கும் இப்பிடி ஒரு உடுப்பு நான் உடுக்கல்ல. இதப் பாக்கவேண்டிய மனிசனத்தான் இன்னும் தேடிக்கொண்டிரிக்கன்.”

வயிறு தெரியாத சட்டை

அடுத்த வருடம் கடை பழையபடி நடக்கத் தொடங்கியது. ஒரு மத்தியானம், புஷ்பா என்ற பெண் வந்தா. நாவலடியில் இருந்தவ. இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, புருசனோடு தற்காலிகக் கொட்டில் ஒன்றில் இருந்தா. கம்பியைத் தொடாமல் தள்ளி நின்று, வயிறு தெரியாத சட்டை இருக்கிறதா என்று மெல்லக் கேட்டா.

கறுப்பு, கடும் நீலம் என்று எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் போட்டுக் கண்ணாடியில் பக்கவாட்டாகத் திரும்பிப் பார்த்தா. ஒவ்வொன்றிலும் வயிறு இருந்தது. ஏனக்கா மறைக்கவேண்டும் என்று கேட்டேன். வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டு சொன்னா. அவ இருந்த கொட்டில் வரிசையில் பிள்ளையைப் பறிகொடுக்காத தாய் இல்லை. பக்கத்துக் கொட்டில் இந்திராணிக்கு மூன்று பிள்ளைகள் போய்விட்டன. கடைசிப் பிள்ளையோடு கர்ப்பத்தடை ஒப்பரேசனும் செய்திருந்தா, இனி இல்லை. இரண்டு பேரும் ஒரே பைப்படியில்தான் தண்ணி பிடிப்பார்களாம். அந்த மனிசியின் முன்னால் இந்த வயிற்றை வைத்துக்கொண்டு எப்படி நிற்பது என்றா. ராத்தா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. புஷ்பா கீழே போய், புருசனுக்கு என்று சொல்லி, அகலமான சேட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போனா.

சில கிழமை கழித்து ஒரு மெலிந்த பெண் படியேறி வந்தா. நேரே கம்பிக்குப் போய்த் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்டா. தனக்கில்லை, தெரிந்த ஒருத்திக்கு. வரிசையின் அந்தத்தில் நின்று பார்த்தாலும் தெரிகிற நிறம் வேண்டும் என்றா. ஒன்றும் பிடிக்கவில்லை. ராத்தா எழுந்துபோய் உள் அலுமாரியிலிருந்து செம்பருத்திப்பூ நிறத்தில் ஒரு பருத்தித் துணியை எடுத்து வந்தா. அந்தப் பெண் தலையாட்டினா. ராத்தா அங்கேயே வெட்டித் தைத்தா. கழுத்துக்கு வெள்ளைப் பின்னல் ரேந்தை வைத்தா. தைத்து முடியும்வரை அந்தப் பெண் யன்னலோரம் இருந்து வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தா. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு மெல்ல விளங்கியது. நீங்கள் இந்திராணி அக்காவா என்று கேட்டேன். ஓம் என்றா. புஷ்பா அக்கா வயிறு தெரியாத சட்டைதானே கேட்டவ என்று நான் இழுத்தேன். இந்திராணி சட்டையை ரேந்தை நசியாமல் மடித்தா.

“தெரியும், தங்கச்சி. மனிசன்ர சேட்டப் போட்டுக்கொண்டு பைப்படிக்கு வாறா. எங்கட வரிசையில பிறக்கப்போற முதல் பிள்ளை. அது ஒளிச்சு வரப்படா.”

வயிறு தெரிகிற சட்டை

பிறகு யுத்தம் திரும்பவும் இறுகின காலம். களுதாவளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அரசாங்கக் கந்தோரில் வேலை செய்த ஒரு அக்கா இருந்தா. முதல் பிள்ளை. நாங்கள் விற்ற சட்டை கூடாரம் மாதிரி. உள்ளே இருப்பது வயிறா குண்டா என்று யாருக்கும் சந்தேகம் வரும். சோதனைச்சாவடியில் தினமும் அவவை மட்டும் பிரித்து, திரைக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு பொலிஸ்காரி அமத்திப் பார்ப்பாவாம். ஒவ்வொருமுறையும் பிள்ளை உள்ளே துள்ளி அடங்குமாம். அவ அழவில்லை; வயிறு வயிறு என்று தெரியும்படி ஒரு சட்டை தைக்க ஏலுமா என்று மட்டும் கேட்டா.

ராத்தா இரண்டு பக்கமும் பிடித்து, மார்புக்குக் கீழே சுருக்கு வைத்து, மெல்லிய துணியில் உடம்போடு படியத் தைத்துக் கொடுத்தா. போட்டுக்கொண்டு நின்றபோது வயிறு முழுநிலவு மாதிரி இருந்தது. சங்கடமாக இருக்கிறது என்று முந்தானை தேடுவது போலக் கை வைத்தா; பிறகு எடுத்துவிட்டா. கிழமை முடிவில் கடைக்கு வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

“ஒவ்வொரு நாளும் வயித்தத் தொட்டுப் பாத்தவ, இண்டைக்குத்தான் எத்தின மாசம் எண்டு கேட்டா.”

கயிறு

வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிற படுவான்கரைச் சனங்கள் இடம்பெயர்ந்து, முகாம்களில் கிடந்து, திரும்பவும் ஊரில் குடியேறின பிறகு நடந்தது இது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயற்காரர் ஒருவர், துறை கடந்து, செருப்பைப் படியடியில் கழற்றிவிட்டு மேலே வந்தார். பெண்கள் உடுப்புக்கு நடுவில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பெண்சாதியின் அளவைக் கேட்டேன். மடியிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு தும்புக் கயிற்றை எடுத்து நீட்டினார். முதல் இரண்டு பிள்ளைக்கும் அவ மரத்தடியிலும் முகாமிலும் இரவல் உடுப்போடு இருந்தவவாம். இந்த முறைதான் கடையில் புதிதாக எடுக்கிறாராம். அதைச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்த்தார்.

கயிற்றை வைத்து அளந்தால், எங்களிடம் இருந்த எதுவும் அளவு காணாது. இவ்வளவு பெரிய வயிறு இப்போதே எப்படி என்று ராத்தா கேட்டா. இப்போது இல்லை, இனி வளரும்தானே, அதற்கும் சேர்த்து முடிச்சுப் போட்டேன் என்றார். ராத்தா வாய்க்குள் சிரித்தபடி, பிறகு பிரித்து விடக்கூடியதாக உள்ளே துணி மடித்துவிட்டுத் தைத்தா. அவர் அதைத் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

“வெள்ளம் வரமுந்தித்தானே புள்ள, வரம்ப உயர்த்திக் கட்டுற.”

என் முறை

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் என் முறை வந்தது. கலியாணம் முடித்து, கனகாலம் காத்திருந்து தங்கின பிள்ளை. பாதைகள் திறந்து, கொழும்புச் சரக்கு லொறி லொறியாக வந்திறங்கியது. ஒரு கம்பி இருந்த இடத்தில் ஒரு சுவர் முழுக்கப் பிள்ளைத்தாச்சிச் சட்டை. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். ஒன்று கக்கத்தில் பிடித்தது, ஒன்று ஒரு தோய்ச்சலில் சாயம் கழன்றது, ஒன்றுக்கு இடுப்பில் பட்டி. பிள்ளைத்தாச்சிக்கு இடுப்பில் பட்டி வைத்தவர் யார் என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். என் புருசனின் சாரத்தைக் கட்டிக்கொண்டு வீட்டில் திரிந்தேன். கடையில் நிற்கையில் கால் வீங்கி, தலை பாரமாகி, ஏதோ தண்ணிக்கடியில் நடப்பது போல இருக்கும்.

ராத்தா பார்த்துக்கொண்டே இருந்தா. மருதமுனைக் கைத்தறியில் இளம்பச்சை நிறத்தில் மெத்தென்ற துணி எடுப்பித்து, எனக்கென்று தைக்கத் தொடங்கினா. ஒவ்வொரு தையலையும் உட்பக்கம் மடித்து, உடம்பில் உரசாமல், முன்னால் திறந்து பூட்டத் தெறி வைத்து, அவசரப்படாமல் தைத்தா. நானும் அந்தச் சட்டையை உடுத்திக்கொண்டு வாவிக்கரையால் நடப்பதாகத் தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது முடிகிறதற்குள், நாள் இருக்கவே எனக்குக் குத்தெடுத்தது. சின்ன உருவாக, ஆனால் நல்ல குரலோடு, மகள் பிறந்தா. ஒரு இரவு முழுக்க என்னிடம் தராமல் வைத்திருந்துவிட்டு, விடிந்தபிறகு கொண்டுவந்து நெஞ்சில் வைத்தார்கள். பின்னேரம் ராத்தா ஆசுப்பத்திரிக்கு வந்தா, முடித்த சட்டையோடு. தாதி உதவியோடு உடுத்தினேன். என் வாழ்க்கையில் அப்படியொரு சுகமான உடுப்பு உடம்பில் பட்டதில்லை. மகளையும் உள்ளே வைத்துத் தெறி பூட்டலாம் போல அது என்னைச் சுற்றித் தொளதொளத்தது. ராத்தா கட்டிலிலிருந்து எட்டி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தா.

“சட்டையில ஒரு பிழையும் இல்ல. நீதான் நேரத்தோட மெலிஞ்சிட்டாய்.”

ஆகவே, பட்டறிந்த சகோதரிகளே, பத்து மாதத்தில் ஒரு முழுப் பிள்ளையை ஆக்கி முடித்துவிடலாம். அதைச் சுமக்கிறவளுக்கு ஒரு நல்ல சட்டை கிடைக்கத்தான் அந்தக் காலம் காணாது.