வேன் நிற்கும் இடத்தில் கீரை

சாயங்காலம் கம்பெனி வேன் கதவு திறந்ததும் பட்டாசு மருந்து வாடை குப்பென்று அடிக்கும். அதற்குப் பிறகுதான் ஆட்கள் இறங்குவார்கள். கை, காது மடல், புருவம் எல்லாம் அலுமினியப் பொடி ஒட்டி மினுங்கும். நம்ம ஊர்க்காரர்களுக்கு அந்த மினுக்கம் தெரியும்...

இரண்டாயிரத்துக்குப் பிறகு கொஞ்ச வருஷம், சிவகாசியிலிருந்து தாயில்பட்டி போகிற பக்கம் அரசு கட்டிக் கொடுத்த காலனியில் இருந்தோம். அண்ணன், மதினி, நான். வாடகை குறைவு. ஆனால் உள்ளே இருப்பவர்கள் சாப்பிடவும் செய்வார்கள் என்பதைக் கட்டியவர்கள் மறந்துவிட்டார்கள் போல. மொத்தத்துக்கும் ஒரே பெட்டிக்கடை. பல்லாரி வெங்காயம், உருளைக்கிழங்கு, சேவு, பிஸ்கட். பச்சையாக எது வேண்டுமென்றாலும் டவுனுக்கு பஸ் ஏற வேண்டும்.

காதர் பாய் என்று ஒருவர் மொபெட்டில் காய்கறி கொண்டுவருவார். வருவதோ பத்து மணிக்கு. விடிவதற்குள் வேன் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போயிருக்கும். பூட்டிய கதவுகளைப் பார்த்துக் கத்திவிட்டுப் போவார், பாவம்.

அந்த வருஷம் மதினிக்கு ஏழாம் மாசம். தீபாவளி சீசன் என்பதால் பட்டாசு வேலையை நிறுத்தவில்லை. சிவகாசி ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"மாத்திர மட்டும் பத்தாது. கீர, காய் தின்னுங்க. ரத்தம் ஏறலைன்னா இங்க பிரசவம் பாக்க மாட்டோம். மதுரைக்குத்தான் எழுதுவோம்."

மதினியின் அக்கா பிரசவத்தில் ரத்தமில்லாமல் செத்துப்போனவள். நர்ஸ் சொன்ன அன்றிலிருந்து மதினி சிரிப்பதையே விட்டுவிட்டாள். எனக்கும் உள்ளுக்குள் ஒரே பயம்.

நான் காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்த்தேன். ஒரு லீவு நாளில் பாயை மறித்தேன்.

"அண்ணே, மதினி வயித்துப்புள்ளக்காரி. வேன் வர்ற நேரத்துக்கு வாங்களேன்."

"அந்நேரம் கீர வாடிருமேம்மா. விக்காட்டி நான் யார்ட்ட போயி அழ?"

ஆனாலும் அடுத்த நாளே வந்தார். ஈரச் சாக்கில் கீரைக் கட்டு, வெண்டைக்காய், முருங்கைக்காய். வேன் நின்றதும் பெண்கள் மொய்த்துவிட்டார்கள். நம்மவர்கள் காய் வாங்குவதென்றால் சும்மாவா? தண்டை ஒடித்துப் பார்க்கணும், கட்டைப் புரட்டணும், வெண்டை நுனியைக் கிள்ளணும். எல்லாம் செய்தார்கள்... அந்தக் கையோடு.

பாய் கத்தியபோதுதான் பார்த்தோம். கீரை முழுக்க மினுங்கியது.

"ஐயோ, கைய எடுங்க! மருந்துக் கையோட தொட்டா இத யாரு திங்கிறது?"

"கழுவித் திங்க வேண்டியதான?" என்றாள் ஒருத்தி.

"கழுவுனாப் போற மருந்தா தாயி அது? வயித்துப்புள்ளக்குள்ள போகணுமா?"

மதினி கையிலிருந்த கட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். பாய் அத்தனையையும் சாக்கோடு சுருட்டிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கும் உருளைக்கிழங்குதான். மதினி சாப்பிடாமல் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பிரஸ்ஸில் எனக்கு வேலையே ஓடவில்லை. முன்னதாகவே சொல்லிக்கொண்டு வந்து ரோட்டில் நின்றேன். வேன் வந்தது. பாயைக் காணோம். இறங்கிய மதினி என் முகத்தைப் பார்த்தாள்.

எல்லோரும் கலைந்து நடக்கும்போது மொபெட் சத்தம்...

பின்னால் கீரைச் சாக்கு. முன்னால், காலுக்கு நடுவில், ஒரு குடம் தண்ணீர். பையிலிருந்து துணி சோப்பை எடுத்தார்.

"மொதல்ல கைய நீட்டுங்க. பெறகுதான் கீர."

அவரே ஊற்றினார். மதினியை மட்டும் திரும்பவும் கழுவச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன்பிறகு குடத்தை நாங்களே முறை வைத்துக் கொண்டுவந்தோம். தண்ணீருக்கு முடியைப் பிடித்துச் சண்டை போடும் காலனி அது. அந்தக் குடத்துக்கு மட்டும் சண்டை வந்ததில்லை.

மதினிக்குப் பிரசவம் சிவகாசியிலேயே ஆனது. பெண் குழந்தை.

இப்போது காலனி வாசலிலேயே சூப்பர் மார்க்கெட். கீரை ஏசியில் இருக்கிறது. நல்லதுதான். போன வாரம் அந்தப் பெண்ணோடு போயிருந்தேன். கீரையைத் தொடும் முன் கையைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தாள்.

"கை சுத்தமாத்தானடி இருக்கு?"

"அம்மா அப்பிடித்தான் பழக்கிருக்கு அத்த. எதுக்குன்னு கேட்டா ஒண்ணும் சொல்லாது."

பில் போடும் வரிசையில் நின்றபடியே எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கூடையிலிருந்த கீரைக் கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த பாய் இப்ப எங்க இருக்காக, அத்த?"

எனக்குத் தெரியவில்லை.