செக்கரும் கறுப்புப் பெட்டியும்

என் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் செக்கர் என்றுதான் சொல்வார்கள். ஓடுகிற பஸ்ஸை நடுவழியில் நிறுத்தி ஏறி டிக்கெட் கேட்கிற உத்தியோகம் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பெயர் போகவில்லை, புத்தியும் போகவில்லை. பால்காரர் ஊற்றிவிட்டுப் போனால் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பார். தையல்காரர் சட்டையைக் கொடுத்தால் மிச்சத் துணி எங்கே என்பார். நான் தும்மினால்கூட அது நிஜத் தும்மல்தானா என்று ஒரு பார்வை பார்ப்பார். கல்யாணமான புதிதில் எனக்கு அழுகை வரும். இப்போதெல்லாம் வேண்டுமென்றே இன்னொரு தடவை தும்முவேன்.

அப்படிப்பட்ட மனிதர் கோட்டை விட்டது சொந்த வீட்டில்தான்.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு டாக்டரிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கினார். வெளிர் பச்சை நிறம், எங்களைவிடக் கொஞ்சம்தான் இளையது. ஒயர்கள் எல்லாம் இற்றுப்போயிருந்ததால் கார் எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டார். அந்தப் பையன் வேலை செய்த நாளெல்லாம் இவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவன் கையையே பார்த்தார், ஒயரில் ஒரு முழம் குறைந்துவிடுமோ என்று. கையைப் பார்த்தவர் கண்ணைப் பார்க்கவில்லை. டீ கொண்டுபோய்க் கொடுத்தவள் எங்கள் மகள். வண்டி வேலை முடிந்து கொஞ்ச காலத்தில் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து வாசலில் நின்றார்கள்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. வாய்விட்டுச் சொல்லவில்லை, மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டது கூட இருக்கட்டும். என் மூக்குக்குக் கீழ நடந்திருக்கு, எனக்குத் தெரியலயே" என்றார். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. மகள் இந்த வீட்டுப் படி ஏறுவது அன்றோடு நின்றது. நான் மார்க்கெட்டில் அவளைப் பார்த்துப் பேசிவிட்டு, காய் வாங்கக் கூட்டம் அதிகம் என்று வந்து சொல்வேன். அவர் கூடையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார்.

இந்த நிலையில்தான் கார் நடுரோட்டில் நிற்க ஆரம்பித்தது. அந்தக் காலத்து வண்டிகளில் பாயிண்ட் என்று ஒன்று உண்டு. விரல் நகம் அளவில் இரண்டு முனைகள் சேர்ந்து சேர்ந்து பிரியும். பிரிகிறபோதெல்லாம் பிளக்கில் பொறி பறக்கும். முனை தேய்ந்தால், இடைவெளி மாறினால், வண்டி இருமிவிட்டு நின்றுவிடும். இவர் அதை உப்புத்தாளால் தேய்த்து, தகட்டை நுழைத்து இடைவெளி பார்த்து, மறுபடி மாட்டுவார். மறுபடி நிற்கும். பெட்ரோலில் தண்ணீர் கலக்கிறான் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் மூடியைத் திறந்து எதையோ திருகிவிட்டார் என்றார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீ எதையாவது தொட்டியா?" என்றார்.

மெக்கானிக் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். "இப்ப வர்ற பாயிண்ட் எல்லாம் மட்டம் சார். எலக்ட்ரானிக் போட்டுடுங்க, தேயறதுக்கு ஒண்ணுமே கிடையாது. அதுல உங்க மருமகனுக்கு நல்ல கை."

"இவனும் கூட்டு" என்றார் இவர், வீட்டுக்கு வரும் வழியெல்லாம்.

மருமகனையே கூப்பிடுங்கள் என்று நான் பிடித்துக்கொண்டேன். சாப்பாடு போடும்போது சொன்னேன், துணி மடிக்கும்போது சொன்னேன், அவர் பல் தேய்த்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் நின்றபோது நிறையவே சொன்னேன். ஒருநாள் இறங்கிவந்தார்.

"தனியா வரணும். என் கண்ணு முன்னால மாட்டணும். போயிடணும். வண்டி எங்கயும் நிக்காம ஓடிச்சுன்னா உன்ன நானே அவ வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறேன். நின்னுச்சு, அப்புறம் அந்தப் பேச்சே இந்த வீட்ல கூடாது."

என் மகள் எனக்குத் திரும்பக் கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு காரின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மருமகன் வந்தார். என்னை "அத்தை" என்றார், அவரை "சார்" என்றார். பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். பாயிண்டை எடுத்துத் துடைத்து அவர் கையிலேயே கொடுத்தார். அந்த இடத்தில் தீப்பெட்டியில் பாதி இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்துத் திருகினார். நடுத் தண்டில் காந்த வளையம் ஒன்றை மாட்டினார். சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர், அவ்வளவுதான்.

"இதுல எது திறக்குது, எது மூடுது?" என்றார் இவர்.

"எதுவும் திறக்காது சார். காந்தம் பக்கத்துல வர்றத வெச்சு அதுவே தெரிஞ்சுக்கும்."

"அதுக்குத் தெரியுதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

மருமகன் சாவியைத் திருப்பினார். வண்டி உடனே பிடித்துக்கொண்டு, தொட்டில் ஆடுகிற மாதிரி சீராக ஓடியது. இவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு சார். இஞ்சின் ஓடாதப்ப சாவியத் திருப்பியே வெச்சிடாதீங்க. பெட்டி சூடாகிச் செத்துடும்."

அவர் போன பிறகு இவர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏன் அப்படிச் சொல்றான்? சாவியப் போட்டு நிதானமாப் பாத்தா நான் எதையோ கண்டுபிடிச்சிடுவேன்னு பயம்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வேறென்ன சொல்ல?

வண்டி ஓடியது. மேட்டில் ஏறியது, மழையில் ஓடியது, அது எப்போதும் நிற்கும் சிக்னலில்கூட நிற்கவில்லை. நாள் ஆக ஆக இவருக்கு இருப்பே கொள்ளவில்லை. "எந்த வண்டியா இருந்தாலும் ஒரு தடவையாவது மக்கர் பண்ணும். பண்ணலன்னா உள்ள ஏதோ இருக்கு" என்றார். ஆனாலும் கொடுத்த வாக்கை மீறுகிறவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றார்.

அன்று காலை மகளுக்குப் பிடித்ததையெல்லாம் பையில் கட்டி வைத்துவிட்டு, சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவர் காரின் முன்மூடியைத் தூக்கி வைத்து, கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றார். இஞ்சின் சத்தம் இல்லை. வண்டிக்குள் சாவி போட்டால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சாவி போட்டிருக்கா?" என்று கத்தினேன்.

"நீ உன் வேலையப் பாரு."

புடவை மாற்றிக்கொண்டு வந்தேன். அவர் அதே இடத்தில், அதே காதுடன் நின்றார். ஏறி உட்கார்ந்தோம். இஞ்சின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவே இல்லை.

"நான் சொன்னேனா இல்லயா?" என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டு, உடைத்த கையாலேயே மீசையை வேறு தடவிக்கொள்கிறார். மருமகனுக்குப் போன் செய்தேன். வரட்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று இவரும் தடுக்கவில்லை.

மருமகன் வந்து மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். பெட்டியைத் தொட்டுச் சட்டென்று கையை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக அசைத்தார்.

"பெட்டிதான் மட்டம் சார். கடையில ஏமாத்திட்டாங்க. நான் பாத்து வாங்கியிருக்கணும். என் தப்பு."

செக்கர் அவரையே பார்த்தார். நெருக்கியடிக்கிற பஸ்ஸில் ஒரே ஒரு ஆளைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"பொய்" என்றார்.

"சாவிய நான் போட்டு வெச்சிருந்தேன். பெட்டி சுட்டது எனக்கும் தெரியும். தொட்டவுடனே உனக்கும் தெரிஞ்சிருச்சு. அப்புறம் எதுக்குப் பொய் சொல்ற?"

மருமகன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உண்மையச் சொன்னா உங்களுக்கு அசிங்கமாயிடும் சார். நான் எப்படியும் வெளியதான் நிக்கறேன். எனக்கு இதுல புதுசா போறதுக்கு ஒண்ணும் இல்ல."

இவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மருமகன் கழற்றிக் கொடுத்த கருகிய பெட்டியை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. கோபமெல்லாம் போய் எனக்குப் பாவமாக இருந்தது.

"அவளுக்குப் போன் போடு" என்றார் என்னிடம். "வண்டி இன்னைக்கு ஓடாது, நாங்க வர முடியாதுன்னு சொல்லு."

எனக்கு உயிரே போனது. எண்ணைத் தட்டினேன்.

"அவள வரச் சொல்லு" என்றார், தலை நிமிராமல்.

மகள் எடுத்தாள். அப்பா உன்னை வரச் சொல்கிறார் என்றேன். "அப்பா சொன்னாரா, நீயா சொல்றியா?" என்றாள். "அவர்தான் சொன்னாருடி" என்றேன். "நான் நம்ப மாட்டேன். போன அவர்கிட்ட குடு."

யார் பெற்ற பெண்? கொடுத்தேன். அவர் காதில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதை நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்து.

"நான்தான் பேசறேன்" என்றார். "சந்தேகமா இருந்தா நேர்ல வந்து பாரு."