என் ஜோடிக்குச் சொன்ன வைத்தியம்

உப்பளத்தில் பெண்கள் ஜோடி ஜோடியாகத்தான் சுமப்போம். ஒருத்தியின் தலைக்கு இன்னொருத்தி கூடையை ஏற்றிவிட வேண்டும். ஏழு வருஷமாக என் ஜோடி அவள்தான். என்னைவிட நாலு வயது சின்னவள்.

போன வருஷம் சித்திரையில், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் என் கையைப் பிடித்துத் தன் மார்பின் ஓரத்தில் வைத்தாள். "இன்னாக்கா இது, கல்லு மாதிரி இருக்குது? வலிக்கவே மாட்டேங்குது."

தொட்டதுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதே மாதிரி ஒன்று என் இடது மார்பிலும் இருந்தது. இரண்டு மாதமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. அவளுடையது கெட்டது என்றால் என்னுடையதும் கெட்டதுதானே? அதனால் வாய் கூசாமல் சொன்னேன்: "சூட்டுக் கட்டிடி. உப்ப வறுத்து துணியில கட்டி ஒத்தடம் குடு. கரைஞ்சிடும்." எங்களுக்கு எதற்கெடுத்தாலும் உப்பு ஒத்தடம்தான். நம்பிவிட்டாள். நானும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அதையே செய்தேன், வெட்கங்கெட்டவள்.

ஐப்பசி மழையில் உப்பளம் மூடிய பிறகு, என் ரவிக்கையில் கறையைப் பார்த்துவிட்டு மகள் என்னைப் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது பக்கத்தில் இருந்தது என் ஜோடிதான். அப்போதுதான் "நீயும் காட்டிடுடி" என்றேன். காட்டினாள். எனக்கு மார்போடு நின்றிருந்தது. அவளுக்கு எலும்பு வரை போயிருந்தது. அவளுடைய ஆறு மாதத்தை என் பயம் தின்றுவிட்டது.

இப்போது மாதம் ஒருமுறை, எங்களைப் போன்ற பெண்கள் அந்த ஆஸ்பத்திரியில் ஓர் அறையில் கூடுகிறோம். அங்கே வாய்விட்டு அழலாம், ஒருத்தி மொட்டையை இன்னொருத்தி கிண்டல் செய்யலாம். போன கூட்டத்தில் அவள் எல்லோரிடமும் சொன்னாள்: "இந்த அக்கா சொல்லலைன்னா நான் டாக்டராண்ட வந்தே இருக்க மாட்டேன்."

எல்லோரும் எனக்குக் கை தட்டினார்கள். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எழுந்து, ஒன்றுவிடாமல் உண்மையைக் கொட்டிவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது. மரக்காணத்தில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அன்னைக்கே உன்னுதையும் காட்டியிருந்தா, ரெண்டு பேரும் சேர்ந்தே டாக்டராண்ட போயிருக்கலாமேக்கா."